குழந்தையை முதன்முறை அழைத்துச் செல்லுமுன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, செபமாலை முடிந்து நான் கோவிலினின்று வெளிவந்தபோது, பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. இளந்தாய் ஒருத்தி, அவள் கணவன், கணவனின் தாயார், வாசல் மணலைக் கையால் அள்ளி விளையாடிக்கொண்டிருந்த இரண்டரை வயதுச் சிறுவன். மறுநாள் காலை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று பேச்சுப் பயிற்சியாளரை முதன்முறையாகப் பார்க்கவிருந்தார்கள். அதற்குமுன் பிள்ளைக்கு ஆசீர் பெற வந்திருந்தார்கள்.

“சாமி, பேரனுக்கு இன்னும் வாய் திறக்கல. நாக்குல கொஞ்சம் தீர்த்தம் தொட்டு வையுங்க” என்றார் பாட்டியார்.

சிறுவனின் தலைமேல் கைவைத்துச் செபித்தேன். பின்னர், “நாளைக்கு என்னம்மா ஆயத்தம் செய்திருக்கிறீர்கள்?” என்று தாயைக் கேட்டேன். அவள் சற்றே பெருமிதத்தோடு, “பத்து நாளா ‘அம்மா, அப்பா, பால்’னு சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருக்கேன் சாமி. அங்க போய் ஒண்ணும் சொல்லாம நின்னா அசிங்கமாப் போயிடுமே” என்றாள். புதுச்சட்டை வாங்கியாயிற்று. காலில் போட்டால் ‘கீச் கீச்’ என்று ஒலிக்கும் புதுச்செருப்பும் வாங்கியாயிற்று. ஆனால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல அவர்களிடம் இருந்த காகிதம், தேதி குறித்த ஒரு சீட்டு மட்டுமே.

பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் மாணவரை ஒப்பிக்கப் பழக்குவது போல, அந்தப் பிள்ளையைப் பத்து நாள் பழக்கியிருக்கிறார்கள். அவன் அதற்குள் ‘அம்மா’ என்ற சொல் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டான். அம்மருத்துவமனை அறையில் பிள்ளை எதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. பேசவேண்டியவர் பெற்றோர். பிள்ளை எதைச் சொல்லுகிறான், எதைச் சொல்வதில்லை, எதை உண்கிறான், எதைத் துப்புகிறான் என்பதற்கெல்லாம் அவர்களே கண்கண்ட சாட்சிகள். சாட்சி சொல்லப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமோ?

இப்பொருளைப் பற்றி எழுத ஒரு பழைய கடனும் என்னைத் தூண்டுகிறது. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில், இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். குழந்தை பேசவில்லை என்றாள். நான் சிரித்துக்கொண்டே, “பயப்படாதே அம்மா, என் தம்பியே நான்கு வயதில்தான் பேசினான்” என்று தேற்றி அனுப்பினேன். சாமியாரே சொல்லிவிட்டார் என்று அவள் மேற்கொண்டு ஈராண்டுக்கு மேல் காத்திருந்தாள். பிறகு ஒரு பள்ளி ஆசிரியையின் வற்புறுத்தலால் பரிசோதித்தபோது, அக்குழந்தைக்கு இரு செவியிலும் கேள்வித்திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது. மொழி மிக விரைவாக வேரூன்றும் ஆண்டுகளில் இரண்டு, என் ஆறுதல் மொழியால் போயின. அந்தத் தாய் ஒருநாளும் என்னைக் குறைகூறியதில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாள். அதைப் பிரிக்கும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கும்.

முன்னே செவி, பின்னே வாய்

திருமுழுக்குச் சடங்கில் ‘எப்பத்தா’ என்றொரு சிறு பகுதி உண்டு. குரு, குழந்தையின் காதுகளையும் வாயையும் பெருவிரலால் தொட்டுச் செபிப்பார். செவி முன்னே, வாய் பின்னே. பேச்சுக் குறைவென்று வரும் எந்தக் குழந்தைக்கும் மருத்துவ உலகம் பின்பற்றும் வரிசையும் இதுவே. கேளாத சொல்லை எக்குழந்தையும் சொல்லாது. ஆகவே பேச்சுப் பயிற்சியாளர் முதலில் கேட்கும் வினா, “செவிப் பரிசோதனை செய்தீர்களா?” என்பதாகவே இருக்கும். செய்திருந்தால் அறிக்கையை எடுத்துச் செல்க. செய்யவில்லையெனில், அன்றே செய்வார்களா, வேறு நாள் குறிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டறிக. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செவியில் சிறு முனையைப் பொருத்தி ஓரிரு நிமிடத்தில் முடியும் ஓ.ஏ.இ. சோதனைக்குக் குழந்தை அமைதியாக இருந்தால் போதும். செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் ஒலி எழுப்பும் மறுமொழியைப் பதியும் ‘பெரா’ சோதனைக்கோ குழந்தை உறங்க வேண்டும். பேருந்திலேயே நன்றாகத் தூங்கி எழுந்து, மருத்துவமனையில் விழித்துக்கொண்டு ஆடும் பிள்ளைக்கு அன்று அச்சோதனை நடவாது. உறங்கச்செய்யும் மருந்து தர நேர்ந்தால் எப்போது வரை உணவு கொடுக்கலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“தட்டைத் தட்டினால் திரும்புகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது?” என்று வினவும் பெற்றோர் பலர். கதவு அறைவதும் மேளம் முழங்குவதும் கேட்கும் செவிக்கு, ‘ச’ என்னும் மெல்லொலி எட்டாமல் போவது உண்டு. அவ்வாறே, அடிக்கடி சளிபிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறையின் உட்புறத்தில் நீர் தேங்கி, நீருக்குள் மூழ்கியவன் கேட்பது போல மங்கலாகக் கேட்கும். காதில் வலியோ சீழோ இராமலும் இவ்வாறு நேரும். சமையலறைத் தட்டு இவற்றைக் கண்டுபிடிக்காது.

எந்த வயதில் செல்வது என்ற கேள்விக்கு இன்று ஏறத்தாழத் தெளிவான விடை உண்டு. ஓராண்டு நிறைந்தும் ‘மாமாமா, பாபாபா’ என்ற மழலை அடுக்கு இல்லை, வேண்டியதை விரல்நீட்டிக் காட்டுவதில்லை, ‘டாட்டா’ காட்டுவதில்லை என்றால் காட்டவேண்டும். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றாலும், 24 மாதத்தில் ‘அம்மா வா’, ‘பால் தா’ போன்று இரண்டு சொல்லைத் தானே சேர்த்துச் சொல்லவில்லையென்றாலும் காட்டவேண்டும். எந்த வயதிலாயினும், முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழக்குமாயின் ஒருநாளும் தாமதிக்கலாகாது. ஆண்பிள்ளை தாமதித்துத்தான் பேசுவான் என்பது நம் வீடுகளில் வழங்கும் சமாதானம். அத்தாமதம் சில வாரமாக இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் இராது.

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும், சேனை வைத்தவர் அதிகம் பேசாதவர் என்று அவர்மேல் பழிபோடுவதும் இன்னும் நிற்கவில்லை. பழிக்கு ஆளான பெரியவர் பாவம்! தேனில் குழைத்து எதையும் ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் வைக்கவே கூடாது. தேனிலிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தான நோயைத் தரவல்லது. நாக்கின் அடித்தசையை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்பதும் பெரும்பாலும் வீண் நம்பிக்கை. ஓரிரு ஒலிகளின் தெளிவு அதனால் குறையலாமேயன்றி, குழந்தை பேசாமலே இருப்பதற்கு அது காரணமாவது அரிது.

இரண்டு ரூபாய் நோட்டுப் புத்தகம்

என் இளமையில் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்த நாற்பது பக்க நோட்டு இன்று என்ன விலையோ, அதுபோன்ற ஒன்று போதும். சந்திப்புக்கு முந்திய ஒரு வாரம் அதை அடுப்பங்கரை அலமாரியில் எழுதுகோலோடு வைத்துவிடுக. குழந்தை வாயினின்று வரும் ஒவ்வொரு சொல்லையும், அவன் சொல்லும் விதத்திலேயே எழுதுக. திருத்தி எழுதலாகாது. ‘தண்ணீர்’ என்று எழுதிவிட்டால் பயிற்சியாளருக்குப் பயனில்லை. அவன் ‘ண்ணி’ என்றால் ‘ண்ணி’ என்றே எழுதவேண்டும். பக்கத்தில் அவன் கருதும் பொருளைக் குறித்தால் போதும்.

எது சொல் என்பதில் பெற்றோர் தவறிவிடுகின்றனர். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைக் குழந்தை மாறாமல் வழங்கினால் அது சொல்லே. பாலுக்கு ‘இங்கா’ என்பதும், சோற்றுக்கு ‘மம்மு’ என்பதும், பசுவைக் கண்டு ‘ம்மா’ என்பதும் கணக்கில் சேரும். அன்று மாலை திண்ணையில் அமர்ந்து நாங்கள் இந்தக் கணக்கைப் போட்டோம். “ஒரு வார்த்தையும் இல்ல சாமி” என்றவள் தாய். அவள் காலை எட்டு மணிக்குத் தையற்கூடத்துக்குப் போய் இருட்டியபின் வருபவள். பகல் முழுதும் பிள்ளையோடு இருக்கும் பாட்டியாரோ ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினொரு சொல் தேறின! அவற்றுள் ஒன்று ‘தாத்தா’. தன்னைத்தான் பேரன் அழைக்கிறான் என்று வீட்டிலுள்ள பெரியவருக்குப் பேரானந்தமாம். பாட்டியார் குரலைத் தாழ்த்தி, “அது காக்காவைச் சொல்றான் சாமி. அவருகிட்ட சொல்லிடாதீங்க” என்றார். ‘க’ ஒலி வரவேண்டிய இடத்தில் ‘த’ ஒலி வருகிறது என்று ஒரு பயிற்சியாளர் அதிலிருந்து உடனே கண்டுகொள்வார். இரண்டரை வயதில் இவ்வாறு மாற்றிச் சொல்வது பல குழந்தைகளிடத்தும் காண்பதே. ‘ர’வும் ‘ழ’வும் இன்னும் பிந்தி வரும். ழகரம் வராத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரிடம், அவர்களையே ‘வாழைப்பழம்’ என்று ஒருமுறை சொல்லச்சொல்லிப் பார்ப்பது என் வழக்கம்.

ஆகவே, குழந்தையோடு பகற்பொழுதைக் கழிப்பவர் எவரோ அவரும் உடன்செல்ல வேண்டும். தந்தையும் செல்லவேண்டும். வீட்டுக்கு வந்தபின், “அங்கே என்னதான் சொன்னார்கள்?” என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வதைவிட, ஒருநாள் கூலியை விட்டு நேரில் கேட்பது மேல்.

வீட்டில் வாய் ஓயாத பிள்ளையும் புதிய இடத்தில் ஊமைபோல் இருப்பான். இதற்குக் கைப்பேசி உதவுகிறது. வீட்டில் அவன் விளையாடும்போதும், எதையேனும் கேட்டு அடம்பிடிக்கும்போதும், உண்ணும்போதும் இரண்டு நிமிட அளவில் மூன்று நான்கு காட்சிகள் எடுத்துக்கொள்க. படம் எடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாதிருத்தல் நன்று. அதே கைப்பேசி அவன் கையில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதையும் பயிற்சியாளர் கேட்பார். அப்போது சில பெற்றோர், பாவசங்கீர்த்தனத்தில் பாதியை விழுங்குபவரைப் போல, “கொஞ்ச நேரந்தான்” என்கிறார்கள். உள்ளபடி சொல்க. தண்டிப்பதற்காக அவர் கேட்கவில்லை.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, கண்ணோடு கண் நோக்குகிறானா, வேடிக்கையான ஒன்றைக் கண்டால் உங்களுக்கும் காட்டுகிறானா, பிற பிள்ளைகளோடு சேருகிறானா என்றும் கேட்பார்கள். “பேச்சுக்கு வந்தால் இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள்?” என்று சினந்து எழுந்துவந்த ஒரு தந்தையை நான் அறிவேன். பேச்சு நாவிலிருந்து தொடங்குவதன்று, ஒருவரோடு ஒருவர் உறவாட விழைவதிலிருந்து தொடங்குவது என்று அவருக்கு எடுத்துச்சொல்லி மறுபடி அனுப்புவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பழைய காகிதங்களும் பழைய உண்மைகளும்

பிறந்த மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டு, தாய் சேய் நல அட்டை, அங்கன்வாடியில் எடை குறித்த அட்டை, இதுவரை உட்கொண்ட மருந்துச் சீட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒரு பையில் இடுக. குழந்தை நிறைமாதத்தில் பிறந்ததா, பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, கண்ணாடிப் பெட்டியில் எத்தனை நாள், மஞ்சள் காமாலை, வலிப்பு, மூளைக்காய்ச்சல், காதில் சீழ் இவை உண்டா, தலை நின்றது எப்போது, நடந்தது எப்போது என்று வரிசையாகக் கேள்வி வரும். முன்னாள் இரவே வீட்டில் கூடிப் பேசி எழுதிவைத்தால், அங்கே கணவன் ஒன்றும் மனைவி வேறொன்றும் கூறி வாதிடும் காட்சியைத் தவிர்க்கலாம்.

“சொந்தத்தில் திருமணமா?” என்பதும் ஒரு கேள்வி. அக்காள் மகளை, மாமன் மகளை, அத்தை மகனை மணப்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகள் பிறக்க நெருங்கிய இரத்த உறவு ஒரு காரணமாகலாம் என்பதால்தான் கேட்கிறார்கள். திருச்சபை இதனைத் திருமணத் தடையாகவே வைத்திருக்கிறது. ஆயரிடம் விலக்களிப்பு வேண்டி விண்ணப்பம் எழுதித்தந்த கைகளில் என் கையும் ஒன்று. எனவே பெற்றோரை நோக்கிச் சுட்டுவிரல் நீட்ட எனக்கு உரிமையில்லை. உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ள மட்டும் துணிகிறேன். அடுத்த குழந்தைக்கு அது காப்பாகக்கூடும்.

வீட்டில் எத்தனை மொழி என்பதையும் சொல்லவேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்பதால்தான் பிள்ளை குழம்பிப் பேசாதிருக்கிறான் என்றெண்ணி, தாய்மொழியைக் கைவிட்டு, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசும் பெற்றோர் பெருகிவிட்டனர். இரு மொழி கேட்பது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வால் தெளிந்த செய்தி. தாலாட்டவும் கொஞ்சவும் சினக்கவும் எம்மொழி உங்களுக்கு இயல்பாக வருகிறதோ அம்மொழியே குழந்தைக்கு உரம்.

உண்ண மறுக்கும் பிள்ளை

பேச்சுப் பயிற்சியாளரிடமே உணவூட்டுதலுக்கும் ஏன் அனுப்புகிறார்கள் என்று பலர் வியக்கின்றனர். உதடு, நாக்கு, தாடை, அண்ணம், தொண்டை ஆகிய இவையே பேசுவதற்கும் மெல்லுவதற்கும் விழுங்குவதற்கும் உரிய கருவிகள். மூளை முடக்குவாதமுற்ற குழந்தை, அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்து மூக்குக் குழாய் வழியே பல வாரம் பால் பெற்ற குழந்தை, எந்த நோயும் இன்றியே ஓரிரு உணவைத் தவிர எதையும் தீண்டாத குழந்தை எனப் பலரும் இவ்வாசலுக்கு வருகிறார்கள்.

அண்ணப்பிளவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கிரகணத்தன்று வெளியே வந்ததால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று மருமகளை வதைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சூரியனையும் சந்திரனையும் படைத்தவர் அவ்வாறு பழிதீர்ப்பவர் அல்லர். கருவின் தொடக்க வாரங்களில் உதடும் அண்ணமும் கூடவேண்டிய இடத்தில் கூடாமையே காரணம். அறுவை சிகிச்சையால் அது சீராகிறது.

பேச்சுக்கான சந்திப்பிற்கு வயிறு நிறைந்த பிள்ளையை அழைத்துச் செல்வது நல்லது. உணவுக்கான சந்திப்பிற்கோ பசித்த பிள்ளை வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஒன்றும் கொடாமல் அழைத்துச் செல்வது வழக்கம். எனினும் கைக்குழந்தைக்கும், நோயுற்ற குழந்தைக்கும் எவ்வளவு நேரம் என்பதை மருத்துவமனையிலேயே கேட்கவேண்டும். காத்திருக்கும் வரிசையில் அழுகையை நிறுத்தப் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, உள்ளே சென்றபின் “இப்ப சாப்பிட மாட்டேங்கிறான்” என்றால் அந்த நாள் வீணாகும்.

அவன் நாள்தோறும் உண்ணும் தட்டு, கரண்டி, தம்ளர், பால்புட்டி, சங்கு, பாலாடை எதுவாயினும் அதையே கொண்டுசெல்க. புதிதாக வாங்கவேண்டா. உணவு வகையில் அவன் விரும்பி உண்பது ஒன்று, தொடவும் மறுப்பது ஒன்று, அன்று வீட்டில் எல்லாரும் உண்ட சோறு ஒரு கவளம் வேண்டும். நீர்த்தது, கெட்டியானது, குழைந்தது, மென்று தின்பது என நான்கு பதமும் இருக்குமாயின் மிக நன்று. தண்ணீர், சத்துமாவுக் கஞ்சி, பருப்புச்சோறு, இட்லித்துண்டு என்று நம் வீட்டிலேயே இருப்பவை போதும். மிக்ஸியில் அரைத்தே இரண்டு வயது வரை ஊட்டுகிறோம் என்பதை வெட்கமின்றிச் சொல்லுங்கள். ஒன்பது, பத்து மாதத்திற்குள் சிறு கட்டிகளுள்ள மசித்த உணவை அறியாத குழந்தைகள் பிற்பாடு அதைக் கண்டாலே ஓங்கரிப்பது மிகுதி. அன்பு மிகுந்து அரைத்தோம், அவ்வளவுதான்.

நோட்டுப் புத்தகம் இதற்கும் வேண்டும். மூன்று நாள் முழுதும் அவன் உண்டதையும் பருகியதையும், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எவர் ஊட்டினார், எவ்வளவு நேரம் பிடித்தது, கைப்பேசி காட்டினோமா, ஓடிப்பிடித்தோமா என்று எழுதுக. நம் பாட்டிமார் நிலவைக் காட்டினர். நிலவு குழந்தையின் வாயைக் காணாமற் போகச்செய்வதில்லை. அவள் ‘ஆ’ என்றால் அவனும் ‘ஆ’ என்பான். திரையோ, தான் என்ன உண்கிறோம் என்பதையே அவன் அறியாமற் செய்துவிடுகிறது.

சில அடையாளங்களைத் தனியே குறிக்கவேண்டும். அடிக்கடி புரையேறுதல், உண்டபின் குரல் ஈரமாகக் களகளத்தல், பால் மூக்கு வழியே வருதல், ஓயாத நெஞ்சுச்சளி, அரைமணிக்கு மேல் நீளும் ஒவ்வொரு வேளை உணவு, ஏறாத எடை. உணவோ பாலோ மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்வதன் அடையாளமாக இவற்றுட் சில இருக்கக்கூடும். உண்ணும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ குறித்த நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கால் புகட்டும் பழக்கத்தை, அருள்கூர்ந்து, இந்த வாரமே விட்டுவிடுங்கள். சங்கும் பாலாடையும் நல்ல கருவிகளே. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையால்தான் பால் தருகிறார்கள். ஆனால் தலையை உயர்த்தி, அமர்ந்த நிலையில், குழந்தை விழுங்கும் வேகத்துக்கு ஏற்பத் தருகிறார்கள்.

இன்னொரு தடையும் நம்மிடையே உண்டு. பிள்ளை உண்பதைப் பிறர் பார்த்தால் கண்பட்டுவிடும் என்று முந்தானையால் மறைத்து ஊட்டுவது நம் வழக்கம். பயிற்சியாளரோ பார்த்தே ஆகவேண்டும். எப்படி அமர்த்துகிறீர்கள், தலை எப்பக்கம் சாய்கிறது, நாக்கு எப்படிப் புரள்கிறது, எந்த வாயில் இருமல் வருகிறது என்பவை அவருக்கு மருந்துச் சீட்டை விடப் பெரியவை. ஒரு பாட்டியார் கடைசிவரை முந்தானையை விலக்க மறுத்துவிட்டதை அருட்சகோதரி ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் ஊதுபவரிடம் அதே பாட்டியார் மூன்றுமுறை மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார் என்பது பின்னர் தெரிந்ததாம்!

அந்த நாள்

“அடம்பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச்சொல்வேன்” என்ற மிரட்டலை ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிடவேண்டும். அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை வெள்ளை அங்கியைக் கண்டவுடன் அலறுவான். அன்றைய சந்திப்பு அலறலோடு முடியும். “ஓர் அக்கா இருக்கிறார், உன்னோடு விளையாடுவார், அம்மாவும் கூடவே இருப்பேன்” என்று முன்னாளிரவு சொன்னால் போதும். அவ்வளவும் உண்மையே. புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசை, காது மூக்கு தொண்டைப் பிரிவில் மற்றொரு வரிசை என நேரம் போகும். ஆதலால் அவனுக்குப் பழகிய பொம்மை ஒன்று பையில் இருக்கட்டும். கீச்சொலிச் செருப்பு வீட்டில் இருக்கட்டும்.

உள்ளே பயிற்சியாளர் தரையில் அமர்ந்து பந்தை உருட்டுவார், பொம்மைக்குச் சோறூட்டுவார், சோப்புக் குமிழி ஊதுவார், விளக்கடித்து வாயினுள் பார்ப்பார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இப்படியே கழியும். “வெறுமனே விளையாட்டுக் காட்டி அனுப்பிவிட்டார்கள்” என்று ஏமாறாதீர்கள். குமிழியை ஊதிவிட்டு அவர் சும்மா இருக்கிறாரே, இன்னொரு முறை வேண்டும் என்று பிள்ளை எவ்வாறு கேட்கிறான் என்பதைத்தான் அவர் நோக்குகிறார். அந்த மௌனத்தில் குறுக்கிட்டு, “சொல்லுடா, சொல்லுடா” என்னாதீர்கள். அவனிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் விடை கூறாதீர்கள். மனத்துள் பத்து எண்ணுங்கள். அவன் முன்னிலையில் ‘ஊமை’ என்ற சொல்லையோ, அடுத்த வீட்டுப் பிள்ளையின் சாமர்த்தியத்தையோ எடுக்கலாகாது. பேசாதவன் கேளாதவன் என்று கொள்வது பெருந்தவறு.

எழுமுன் கேட்கவேண்டியவை சில. என்ன கண்டீர்கள்? வீட்டில் நாள்தோறும் நாங்கள் செய்யவேண்டியது என்ன? எப்படிச் செய்வதென்று ஒருமுறை காட்டுவீர்களா? மறுபடி எப்போது வரவேண்டும்? விடைகளை அதே நோட்டில் எழுதுக. வாரத்தில் முக்கால் மணி நேரம் அவர் செய்வதைவிட, எஞ்சிய நாளெல்லாம் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நீங்கள் செய்வதே பிள்ளையைப் பேசவைக்கும், உண்ணவைக்கும். ஓரிரு அமர்வில் பேசவைத்துவிடுவேன் என்று உறுதிகூறிப் பெருந்தொகை கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் இத்தொழில் புரிவோர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

செலவுக்கு அஞ்சி வீட்டிலிருப்போருக்கு ஒரு சொல். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றனர். குறை கண்ட குழந்தைகளை மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகின்றனர். அங்கே கட்டணமில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் தொலைவிலிருந்து வருவோரையும் ஏற்கின்றன. உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டாலே வழி தெரியும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவு ஞானோபதேச வகுப்புக்கு வாங்கிவைத்திருந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் பதினொரு சொல்லையும் எழுதிக்கொடுத்தேன். மறுநாள் பாட்டியாரும் உடன் சென்றார். செவிப் பரிசோதனையில் இரு காதிலும் செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்திருப்பது தெரிந்தது. அதற்குச் சிகிச்சையும், பேச்சுக்குப் பயிற்சியும் ஒருங்கே நடந்து வருகின்றன. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியார் நாள்முழுதும் சொற்களை நினைவில் சேர்த்துவைத்து, இரவில் மகன் வேலை முடிந்து வந்ததும் சொல்லிச்சொல்லி எழுதவைக்கிறாராம். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். எழுபத்து மூன்று சொல் ஆகியிருக்கிறது. கடைசியாக எழுதியிருந்தது ‘தாமி’. அது யார் என்று கேட்டேன். சிறுவன் என் அங்கியைப் பிடித்து இழுத்தான்.